கிணற்றடியைப் பார்த்த யன்னல்

எங்கள் ஓட்டு வீட்டின் பரணை ஓர் அறையாக்கி முடிக்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. ஊர்காவற்துறையில் கடல்தொழில் செய்பவனுக்கு வேறு வழியில்லை. நண்டு நன்றாகப் பட்ட காலத்தில் பலகை வாங்கினேன். கடல் குழம்பிய மாதங்களில் அந்தப் பலகைகள் சுவரில் சாய்ந்து கிடந்தன. முதலில் பழைய வலைகளையும் மிதவைகளையும் இறக்கிவிட்டுத் தளம் அடித்தேன். அடுத்த பருவத்தில் ஏணியை எடுத்துவிட்டு மரப்படி வைத்தேன். அதற்குள் மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிவிட்டாள். கீழே அவளுக்குப் புத்தகம் விரிக்க இடமில்லை, மேலேயோ தாங்க முடியாத வெக்கை. யன்னல் இல்லாமல் சரிவராது.

புளியங்கூடலில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், மர யன்னல் ஒன்றை மலிவாக வாங்கி வந்தேன். மேசனைக் கூப்பிட வசதியில்லை. நானே கடல் பக்கச் சுவரை உடைத்துப் பொருத்தினேன். காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

அடுத்த நாள் காலை தேநீரோடு மேலே போய் யன்னலைத் திறந்தேன். கடல் தெரிந்தது. அனலைதீவுப் பக்கம் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. நானே செய்த அறைக்குள் நிற்கிறேன் என்ற பெருமையில் கனநேரம் நின்றுவிட்டேன். கீழே வாளி உருண்ட சத்தம் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் கிணற்றடி. சுற்றிவர ஆளுயரத்துக்கு ஓலை மறைப்பு உண்டு. நிலத்தில் நிற்பவனுக்குத்தான் அது மறைப்பு. அக்கா மார்போடு கட்டிய குறுக்குக்கட்டோடு, தலையில் நுரையோடு, என்னை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு நுரையைக் கழுவாமலே துவாயைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் யன்னலைச் சாத்தினேன். சாத்தியது அதைவிடப் பிழையாகப் பட்டது, ஒளிந்துகொள்பவனைப் போல.

மனைவியிடம் சொல்வதற்கே மத்தியானம் ஆகிவிட்டது.

"நீங்கள் கடலைத்தான் பாத்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அவவுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

"நீர் ஒருக்காப் போய்ச் சொல்லுமன்."

"என்னெண்டு சொல்லுறது? என்ரை மனுசன் உங்களைப் பாக்கேல்லை எண்டோ?"

எங்கள் கிணறு உவர். குடிதண்ணீர் அக்காவின் கிணற்றிலிருந்துதான். பின்னேரத்தில் நான்தான் தண்ணீர்க் கானோடு போவேன். அன்று மனைவி போனாள். அக்கா வழமைபோலக் கதைத்தாராம். யன்னலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமையே அக்கா கிணற்றடிக்கு மேலே நீலத் தறப்பாள் ஒன்றைக் கட்டினார். கணவர் இறந்து தனியே இருப்பவர். கதிரையில் ஏறி நின்று தானே கட்டினார். வேறு நாளென்றால் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்திருப்பேன். அன்று முற்றத்தில் வலை தைத்துக்கொண்டு, தலை நிமிராமல் இருந்தேன். காற்று தறப்பாளைப் பிய்த்தது. திரும்பவும் ஏறிக் கட்டினார்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நானே போய் அவரது வாசல் படலையடியில் நின்றேன்.

"அக்கா, நான் கடலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். சத்தியமாக் கீழை பாக்கேல்லை."

"தெரியும் தம்பி. நீர் அப்பிடியான ஆளில்லை."

என் முகம் கொஞ்சம் தெளிந்திருக்க வேண்டும். அவர் அதோடு விடவில்லை.

"ஆனால் அந்த நாளிலயிருந்து, குளிக்கேக்க ஒவ்வொருக்காலும் மேலை பாக்கிறன். முந்தி அப்பிடி ஒரு நினைப்பே இல்லை."

எனக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"யன்னலை அடைக்கிறன், அக்கா."

"பிள்ளைக்குக் காத்து வேணுமெல்லோ?"

"மற்றப் பக்கம் வைக்கிறன்."

அன்றே யன்னலைக் கழற்றி ஓட்டையைக் கல் வைத்து அடைத்தேன். மற்றப் பக்கச் சுவரில் கை வைக்க அடுத்த நண்டுப் பருவம் வரவேண்டியிருந்தது. அதுவரை மகள் அந்த வெக்கைக்குள் இருந்து படித்தாள். ஏன் அடைத்தீர்கள் என்று என்னிடம் கேட்கவேயில்லை. தாய் சொல்லியிருப்பாள். மகளுக்குத் தெரியும் என்பதே எனக்குப் பெரிய கூச்சமாக இருந்தது. சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

இப்போது யன்னல் தெருப்பக்க ஒழுங்கையைப் பார்க்கிறது. காற்று குறைவு. ஆனாலும் அவள் அங்கிருந்துதான் படித்துப் பரீட்சை எழுதினாள்.

தண்ணீருக்கு மீண்டும் நானே போகிறேன். அக்கா கதைப்பார், மீன் கொடுத்தால் வாங்குவார். தறப்பாளை மட்டும் கழற்றவில்லை. போன மழைக்கு அது கிழிந்தது. புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

"கட்டித் தரட்டோ, அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. எனக்குக் கட்டிப் பழகீட்டுது."

கோபமாகச் சொல்லவில்லை. நான் கானை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.