அந்த வருடத்து வைன்

மொன்றியலில் ஒரு ஸ்பானிய உணவகத்தில் பதினைந்து வருடமாகப் பரிமாறுகிறேன். எங்களிடம் இருப்பதிலேயே விலை கூடிய வைன், வடக்கு ஸ்பெயினில் ஒரே குடும்பம் நாலு தலைமுறையாக நடத்தும் வைன்சாலையிலிருந்து வருகிறது. அதன் கதையை மேசைமேசையாகச் சொல்வதும் என் வேலைதான். பீப்பாக்களை அவர்களே செய்கிறார்கள். வருடத்தில் இரண்டு முறை, மெழுகுதிரி வெளிச்சத்தில், வைனை ஒரு பீப்பாவிலிருந்து இன்னொன்றுக்குக் கையாலேயே மாற்றுகிறார்கள். வண்டல் வருவது சுடரில் தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு. நிலவறையில் சிலந்தி வலையைக்கூடத் துடைப்பதில்லை, தக்கையை அரிக்கும் பூச்சிகளைச் சிலந்தி பார்த்துக்கொள்ளுமாம். என் அம்மா கண்டால் சோம்பேறிகள் என்பார். பக்கத்து வைன்சாலைகள் ஒன்றிரண்டு வருடத்தில் விற்றுத் தீர்த்தாலும், இவர்கள் பத்து வருடம் ஆகாமல் ஒரு போத்தலையும் வெளியே விடுவதில்லை. நல்ல விளைச்சல் என்றால் அதற்கும் மேல் வைத்திருப்பார்கள்.

ருசி எப்படி என்று கேட்பார்கள். காய்ந்த அத்திப்பழம், பழைய தோல், கொஞ்சம் புகையிலை என்று கூசாமல் சொல்வேன். எல்லாம் முதலாளி சொல்லித்தந்தது. நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை.

ஊரில் போர் முடிந்த வருடம் என் அண்ணன் காணாமல் போனார். பிடித்துக்கொண்டு போனதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அப்போது நான் வார இறுதியில் நன்றாகவே குடிப்பவன். அம்மா என்னை முருகனுக்கு முன்னால் நிறுத்தி, அண்ணன் திரும்பி வரும்வரை குடியைத் தொடுவதில்லை என்று நேர்த்தி வைக்கச் சொன்னார். வைத்தேன். மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டில் அப்பாவின் படம் மாலையோடு சாமித்தட்டில் இருக்கிறது. அண்ணனின் படம் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், மாலையில்லாமல். யாராவது அதைத் தூக்கிச் சாமித்தட்டில் வைக்கப்போனால் அம்மாவின் முகம் மாறிவிடும்.

போன இலையுதிர் காலத்தில் முதலாளி, வைன் பொறுப்பு முழுவதையும் எனக்குத் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, புதிதாக வந்திருந்த பெட்டியிலிருந்து மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் நான் ருசி பார்க்க வேண்டும். விழுங்கத் தேவையில்லை, வாளியில் துப்பலாம் என்றார். துப்பினால் முருகன் கணக்கில் எடுப்பாரா என்று யோசித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தேன். போத்தலில் அச்சிட்டிருந்த விளைச்சல் வருடத்தைப் பார்த்ததும் பகிடி நின்றுவிட்டது. அண்ணன் காணாமல் போன அதே வருடம்.

அன்றிரவு வீட்டில் அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், வருடத்தையும். கத்தி நின்றது.

"இவ்வளவு காலமும் அதை என்னத்துக்கு வைச்சிருந்தவை?"

"பதம் வரட்டும் எண்டுதான், அம்மா."

நறுக்கியதை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "அவையளுக்குக் காத்திருந்ததுக்கு ஒரு போத்தலாவது கிடைச்சிருக்கு," என்றார். பிறகு, "நீ போய்க் குடி, தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் என்னைக் கட்டிவைத்துவிட்டு, இப்போது தானே கைவிடுகிறாரே என்ற கோபம். அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

காலையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அண்ணன் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார், நெற்றியில் சந்தனத்தோடு. நான் சப்பாத்துப் போடும்போது அம்மா குசினியிலிருந்து என்னைப் பார்க்காமலே சொன்னார்: "வரேக்கை ஒரு மாலை வாங்கிக்கொண்டு வா."

பின்னேரம் மூன்று மணிக்குப் போத்தலைத் திறந்தார்கள். முதலாளி வாளியை என் பக்கம் தள்ளினார். நான் விழுங்கினேன். அத்திப்பழமும் இல்லை, தோலும் இல்லை. புளிப்பு, பிறகு தொண்டையில் ஒரு சூடு. எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பூக்கடை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும், நான் போக வேண்டும் என்றேன்.