தூக்கிப் பார்த்து வாங்கிய லேப்டாப்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு லேப்டாப்பைக் கையில் தூக்கிக் கனம் பார்த்து, விரல்முட்டியால் தட்டி, காதருகே கொண்டுபோய்ச் சத்தம் கேட்டு வாங்கியவன் நான். தேங்காய் வாங்குகிறவன்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டான். இத்தனைக்கும் எனக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் உத்தியோகம். விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவில் என் பெயரே ‘கம்ப்யூட்டர்காரன்’தான். அந்தப் பெயரை நம்பி மோசம் போனவர்களில் முதல் ஆள் நான்.

என் உத்தியோகத்தைப் பற்றி ஊரில் சொல்லாததை இங்கே சொல்கிறேன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் தலைகால் தெரியாமல் குழம்பிவிடும் என்று அமெரிக்கா பயந்துகொண்டிருக்கிறது. அந்தப் பயத்தில் சோறு சாப்பிடுகிறவர்களில் நானும் ஒருவன். ஓஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊரில், ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில், பச்சை எழுத்துத் திரை ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த வருஷங்களை நான்கு இலக்கமாகத் திருத்துகிறேன். உண்மையான கம்ப்யூட்டர் வேறு ஏதோ கட்டடத்தில் இருக்கிறது. நான் அதைப் பார்த்ததுகூட இல்லை. என்னிடம் லேப்டாப்பைப் பற்றிக் கேட்பது, ரயில் ஓட்டுகிறவனிடம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டச் சொல்வது போல. ஆனால் அக்கா வீட்டிலிருந்து கேட்கும்போது, எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருமா?

வேண்டியிருந்தது அக்கா மகள் உலகம்மைக்கு. பாபநாசத்து அம்மனின் பெயர், வீட்டில் உலகு. பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஏப்ரலுக்குள் புராஜெக்ட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் படித்தது போதும் என்று மாப்பிள்ளை பார்க்க அக்கா தயாராக இருந்தாள். காலேஜ் லேபில் பகலெல்லாம் வகுப்பு நடக்கும். மிஷின் காலியாவது சாயங்காலம்தான். சாயங்காலம் அங்கே இருந்தால், இருட்டுமுன் வீடு சேர்க்கிற பஸ் போய்விடும். பையன்கள் இருந்து வேலை பார்ப்பார்கள். உலகு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சேரன்மகாதேவியில் ஆரம்பித்து அம்பாசமுத்திரம் வரை மனசுக்குள்ளேயே புரோகிராம் எழுதிக்கொண்டு வருவாள். அதனால்தான் விலை மலிவாக, நாள்பட உழைக்கிற மாதிரி ஒரு லேப்டாப்.

இந்த நாட்டில் எனக்கு இன்னும் பிடிபடாத சங்கதி ஒன்று உண்டு. இங்கே எதையாவது எடுத்துவிட்டால் அதற்குக் கூடுதல் மரியாதை. கொழுப்பெடுத்த பால், உப்பில்லாத கடலை, காபியிலிருந்து காபியை எடுத்துவிட்ட காபி. தினமும் காலையில் பால் வாங்கப் போய், முழுப்பால் எது என்று தேடியே பாதி நாட்கள் ஆபீஸுக்குத் தாமதமாகப் போகிறேன். நான் வளர்ந்த வீட்டில் பொருள் என்றால் கனக்க வேண்டும். அக்கா கல்யாணத்துக்குத் திருநெல்வேலி டவுனில் பாத்திரம் வாங்கப் போனது நினைவிருக்கிறது. அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணாச்சி என்று ஆண்பிள்ளைகளாக ஒரு படையே போனோம். ஒவ்வொரு பித்தளைப் பானையையும் ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கிப் பார்த்தார்கள். தட்டினால் மணி மாதிரிக் கேட்க வேண்டும். ‘லொட்’ என்றால் அடுத்த பானை. கடைசியில் ஒரு பானை வாங்கினோம். அதைக் கடைக்காரரே இரண்டு கையாலும்தான் இறக்கினார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பயிற்சியோடுதான் கொலம்பஸில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற கடைக்குள் நுழைந்தேன். முந்தின வாரம்தான் அத்தானுடன் போனில் பேசியிருந்தேன். அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர், நூல் மில்லில் வேலை. பக்கத்து வீட்டு டீச்சர் வீட்டுப் போனில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கும்படி யோசனை சொன்னார். “நல்ல கனமா பாத்து வாங்கும் வே, மாப்ள. லேசா இருந்தா ஒரே வருசத்துல பல்லை இளிச்சிரும்.”

கடைக்காரப் பையன் பெயர் ஸ்டீவ். மிகவும் நல்ல மனிதன். ஒரு மெல்லிய லேப்டாப்பை உள்ளங்கையில் வைத்துத் தாம்பாளம் மாதிரி நீட்டி, “எவ்வளவு லேசு பாருங்கள்” என்றான். வாங்கிப் பார்த்தேன். அப்பளக்கட்டு மாதிரி இருந்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றியது.

“இதைவிடக் கனமானது இருக்கிறதா?” என்று கேட்டேன்.

ஸ்டீவ் கொஞ்சம் யோசித்தான். “திரை பெரிதாக வேண்டுமா?”

“இல்லை. கனமாக வேண்டும்.”

“உங்களுக்குக் கனமானது வேண்டும்” என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனான். ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட ஒன்றைக் கொண்டுவந்து வைத்தபோது மேஜை அதிர்ந்தது. கறுப்பு நிறம், செங்கல் கனம். தட்டினேன். என்ன ஒரு நாதம்! விலையோ அந்த அப்பளத்தின் விலையில் கால்பங்குகூட இல்லை. கனம் கூடக்கூட விலை குறைகிற ஒரு தேசத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், எங்கே மனசு மாறிவிடுவானோ என்று பயந்து உடனே பணத்தைக் கொடுத்தேன். நான் வாசலைத் தாண்டும்போது ஸ்டீவ் பேட்டரியைப் பற்றி என்னவோ சொன்னான். வாங்கிய பொருளைப் பற்றிக் குறை சொல்லுகிற வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை என்பதால், அவன் ஏதோ வாழ்த்துச் சொல்கிறான் என்று நினைத்து, “உனக்கும் அப்படியே” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்கழியில் லீவில் ஊர் போய்ச் சேர்ந்தேன். பையிலிருந்து எடுத்ததும் லேப்டாப் முதலில் அத்தான் கைக்குத்தான் போனது. தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் தூக்கினார். தட்டினார். “நம்ம ஆளு பாத்து வாங்குனதுன்னா சும்மாவா!” என்றார். பக்கத்து வீட்டு டீச்சரும் தூக்கிப் பார்த்தார். பால்காரர் தூக்கிப் பார்த்தார். எல்லோரும் பார்த்து முடித்தபின் அது உலகு கைக்கு வந்தது. அவள் தூக்கவில்லை. தரையில் வைத்துத் திறந்தாள்.

“மாமா, பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?”

“அதெல்லாம் நல்லா நிக்கும் உலகு. நீ இதோட பாடியைப் பாரு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். விளக்கு வைக்கிற நேரம். வழக்கம்போலக் கரண்டு போனது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வினோதம்: மேலே மலையில் கரண்டு எடுக்கிறார்கள், அதன் அடிவாரத்தில் நாங்கள் சிம்னி விளக்கோடு உட்கார்ந்திருக்கிறோம். லேப்டாப் திரை மட்டும் இருட்டில் நீலமாக நின்றது. “பாத்தியளா!” என்றார் அத்தான். அவர் வாயை மூடுமுன், கிணற்றில் வாளி விழுந்த மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு அதுவும் அணைந்தது.



“கரண்டு இருந்தாத்தான் ஓடும்னா இது எனக்கு எதுக்கு மாமா?” உலகுவின் குரல் மட்டும் கேட்டது. “நான் வேலை செய்யுத நேரம்லாம் இங்கன கரண்டு கிடையாது. அப்பாட்ட கேட்டிய, அம்மாட்ட கேட்டிய. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அத்தானைக் கேட்டேன், அக்காவைக் கேட்டேன், போன் கொடுத்த டீச்சரிடம்கூட ஒருதரம் அபிப்பிராயம் கேட்டேன். உபயோகிக்கப் போகிறவளைத் தவிர எல்லோரையும் கேட்டேன். இருட்டுக்குள் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.

“ஏலே, இது புதுசால? என் கல்யாணத்துக்கு என்னைக் கடைக்கே கூட்டிட்டுப் போவாம ஒரு பானை வாங்கிட்டு வந்தியள்லா? இன்னைக்கு வரைக்கும் அதை ரெண்டு பேரு சேந்துதான் தூக்குதோம். ஒரு பொங்கலுக்கும் நான் ஒத்தையா அதை இறக்கினதில்ல.”

மறுநாள் திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறாத கடை இல்லை. அந்தப் பேட்டரி இந்தியாவிலேயே கிடைக்காது என்றார்கள். ஒரு கடைக்காரர் லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்து, “அண்ணாச்சி, நல்ல கனம்” என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது உலகு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் வரும் என்று அவள் காத்திருந்த மூன்று மாதத்தை நான் செங்கல்லாக்கிக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். ஏப்ரல் நெருங்கிக்கொண்டிருந்தது.

வழி கண்டுபிடித்தது அத்தான். மில் தொழிலாளர் மன்றத்துக்கு மில் லைனிலிருந்து கரண்டு. ஊர் இருண்டாலும் அங்கே விளக்கு எரியும். ஆனால் கேரம் போர்டும் பேப்பரும் பீடிப் புகையுமாக அது ஆண்பிள்ளைகளின் இடம். பொம்பளைகள் அந்த வாசலை மிதித்ததில்லை. அத்தான் மன்றத்துச் செயலாளரிடம் போய் என்ன பேசினாரோ, மறுநாள் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன்.

“என்ன அண்ணாச்சி, மகளுக்குக் கேரம் சொல்லிக்குடுக்கப் போறியளா?” என்று ஒருவர் மூலையிலிருந்து கேட்டார்.

“ஆமா வே. உம்மள தோக்கடிக்க ஆள் வேணும்லா.”

முதல் நாள் அவளைச் சுற்றிக் கூட்டம் நின்றது. இதில் சினிமா தெரியுமா என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் பீடி வெளியே போனது. ஒரு வாரத்தில், காயை ஓங்கி அடித்த ஒருவரை இன்னொருவர், “பைய அடியும் வே, பிள்ள கணக்குப் போடுது” என்று அடக்கினார். வெளியூர்ப் பஸ்களின் நேரத்தை எல்லாம் இணைத்துப் பார்க்கிற புரோகிராம்தான் அவளுடைய புராஜெக்ட். பஸ் நேரத்தால் படிப்பு கெட்டவள் வேறு எதை எழுதுவாள்? மன்றத்தில் எல்லோருக்கும் எல்லாப் பஸ்ஸும் தெரியும். ஆளுக்கொரு நேரம் சொல்லிச் சண்டை போட்டார்கள். உலகு தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் அத்தானுக்கு ஷிப்ட் மாறியதால், சைக்கிள் கேரியரில் லேப்டாப்பைப் பழைய டியூபால் கட்டி நான் ஓட்டிக்கொண்டு போனேன். பல வருஷமாக ஓஹையோவில் வலப்பக்கம் கார் ஓட்டிய உடம்பு. என்னை அறியாமல் சாலையின் வலப்பக்கமே போயிருக்கிறேன். எதிரே வந்த டவுன் பஸ் ஒலித்த ஹாரனில் நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம். கூட்டம் ஓடிவந்தது. என்னைத் தாண்டி லேப்டாப்பிடம் ஓடியது. மன்றத்தில் ஒயரைச் சொருகிப் போட்டதும் ஒன்றுமே நடக்காதது போல அது எழுந்து நின்றது. என் முழங்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருக்க, செய்தி கேட்டு மில்லிலிருந்து வந்த அத்தான் கூட்டத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். “சொன்னேம்லா, கனம் வேணும்னு!”

ஏப்ரலில் உலகு புராஜெக்ட்டைக் கொடுத்தாள், பாஸானாள். இப்போது பெங்களூரில் வேலை. அக்கா இன்னும் மாப்பிள்ளை பார்க்கிறாள். உலகு இன்னும் வேண்டாம் என்கிறாள். போன வாரம் லீவு கிடைத்து, ஊருக்குப் போகப் பெட்டியைத் திறந்து கார்ப்பெட்டில் வைத்தேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. ஒரு பாதியில் அத்தானுக்கு ஷேவிங் செட், அக்காவுக்கு ஸ்வெட்டர் (விக்கிரமசிங்கபுரத்தில் அவள் அதை எப்போது போடுவாள் என்று என்னைக் கேட்காதீர்கள்). மற்றப் பாதியை, ஊரிலிருந்து கேட்கிற பொருளுக்காகக் காலியாக விட்டிருந்தேன். ஊருக்குப் போகிறவனுக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது என்பதற்கு, பெட்டியில் நிரப்பாமல் விடுகிற இந்த இடம்தான் எனக்கு இதுவரை அத்தாட்சி. இந்தத் தடவை புத்தி வந்தவனாக, யாரையும் கேட்காமல் நேரே பெங்களூருக்குப் போன் போட்டேன்.

“உலகு, புதுசா ஒரு லேப்டாப் வாங்கிட்டு வரப்போறேன். உங்கிட்டதான் மொதல்ல கேக்கேன். எப்படிப்பட்டது வேணும், சொல்லு.”

“நான் வாங்கியாச்சு, மாமா.”