தார் தொடாத பாதை

சுற்றிப் போவதற்கென்றே பாதை தேடி அலைந்த ஒரு மனிதரை எங்கள் தோட்டம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். திகனைக்குக் கீழே, விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் அவருக்குப் புல் வெட்டும் வேலை. அங்கே வருகிறவர்களில் சிலர் பெரிய டயர் போட்ட சைக்கிள்களைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டுவருவார்கள். அவர்களுக்குத் தார் ரோடு ஆகாது. கிரவல் மண்ணும் குண்டும் குழியும்தான் வேண்டும். எங்கள் ரோட்டுக்குத் தார் போடச் சொல்லி ஒவ்வொரு தேர்தலுக்கும் மனுக் கொடுத்து அலுத்துப்போன தோட்டத்துச் சனங்களுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை.

விடுதி முதலாளி மாமாவிடம் ஒன்று சொல்லியிருந்தார். விடுதி வாசலில் புறப்பட்டு, தண்ணீர் ஓரமாகவே சுற்றி, ஓரிடத்திலும் தாரைத் தொடாமல் வாசலுக்கே திரும்பிவரும் ஒரு பாதையை மாத முடிவுக்குள் கண்டுபிடித்தால் மாமாதான் வழிகாட்டி. இல்லாவிட்டால் கண்டியிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வார். மாமா புல் வெட்டும் மெஷினோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூட விடுமுறை. மாமா என்னையும் என் பழைய சைக்கிளையும் கூட்டிக்கொண்டு போனது பாசத்தால் அல்ல. ஓர் ஆம்பிளை தனியாக வந்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பற்றி விசாரித்தால், காணி அளக்க வந்தவன் என்று நினைத்து எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். பக்கத்தில் மூக்கொழுகும் பெண்பிள்ளை ஒருத்தி நின்றால் பேசுவார்கள். அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன்.

பாதையின் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது. ஒரே ஓர் இடத்தில்தான் அறுந்து நின்றது. தோட்டத்துப் பழைய கொக்கோ ஸ்டோரிலிருந்து தண்ணீர் ஓரத்துப் பம்ப் ஹவுஸ் வரைக்கும் என்ன வழி என்று யாருக்கும் தெரியவில்லை. போன் வரைபடத்தில் அந்த இடம் பச்சையாக, ஒரு கோடுகூட இல்லாமல் கிடந்தது.

எங்கள் ஆட்களிடம் வழி கேட்டால் குறுக்குப் பாதையைத்தான் காட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கால்நடையாகவே மலை ஏறி இறங்கியவர்களுக்கு, எவ்வளவு தூரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பதே கணக்கு. மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் மாமா பணிவாகக் கேட்டார்.

“சுத்திப் போற ரோடு ஏதும் இருக்காக்கா?”

“எதுக்குச் சுத்தணும்? இந்தா, இந்தப் படியில ஏறி லயத்து வாசலால எறங்குனா அஞ்சு நிமிசம்.”

“சைக்கிள் போகாதேக்கா.”

“தோள்ல தூக்கிட்டுப் போங்களேன், எளந்தாரிதானே.”

தூக்கினோம். மாமா தன் சைக்கிளை ஒரு தோளிலும் என்னுடையதை மறு தோளிலும் வைத்துக்கொண்டு படி ஏறினார். லயம் என்பது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்; அந்த வாசல்களில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கே போகிறோம், ஏன் போகிறோம், அம்மா சுகமா, கொழும்பிலிருக்கும் அப்பா எப்போது வருகிறார் என்று கேட்டார்கள். ஐந்து நிமிடக் குறுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. இப்படி மூன்று நாள், மூன்று குறுக்குகள். மாமாவின் தோள் புண்ணானது. விடுவதாக இல்லை. மாத முடிவுக்குள் கிடைக்காவிட்டால் மொட்டை போட்டுக்கொள்வதாக முருகனிடம் சொன்னார். கிடைத்தால்தானே மொட்டை என்று நான் கேட்டதற்குக் குட்டு வாங்கினேன்.

அம்மா பல்லேகலவில் ஒரு கார்மென்டில் தைத்தார். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராக இருந்த அப்பா, ஒரே நிபந்தனையின்மேல்தான் அம்மா வேலைக்குப் போகச் சம்மதித்திருந்தார். கம்பெனி வேன் சந்திக்கு வந்து ஏற்ற வேண்டும், கொண்டுவந்து இறக்க வேண்டும். வேன் இல்லையென்றால் வேலையும் இல்லை. தினமும் இரவில் கொழும்பிலிருந்து போன் வரும். வேன் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பார். வருகிறது என்று அம்மா சொல்வார். நாங்கள் எழும்புவதற்கு முன்பே அம்மா போய்விடுவார். முதல் பஸ்கூட அந்த நேரத்துக்கு வராது.

மூன்றாம் நாள் மாலை மாமா தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு புலம்பினார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னார்.

“ஸ்டோருக்குப் பின்னால கம்பி வேலி அறுந்து கெடக்கும்டா. அதால பூந்தா பழைய டிராக்டர் ரோடு. மூணாவது வளைவுல ரோட்டுக்கு மேலால தண்ணி ஓடும். எடது பக்கமாப் போங்க, வலது பக்கம் கல்லு ஆடும். அதுக்கங்கால மாமரத்தடி வீட்டுல ஒரு செவல நாய் நிக்கும். கொரைக்கும், கடிக்காது. அப்பறம் ஒரு மதகு. நேரா ஏறுனா பல்லேகல ரோடு. எடது பக்கம் திரும்புனா ஒன் பம்ப் ஹவுசு.”

மாமா எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தார். “ஒனக்கு எப்பிடிக்கா தெரியும்?”

“கார்மென்ட்டுக்கு ஒரு புள்ள அந்தப் பக்கமிருந்து வருது” என்றார் அம்மா. தேங்காய் முடிந்தும் கொஞ்ச நேரம் சிரட்டையைத் துருவினார்.

மறுநாள் போனோம். வேலி அறுந்து கிடந்தது. மூன்றாவது வளைவில் தண்ணீர் ஓடியது. அம்மா சொன்னதைச் சோதித்துப் பார்க்க நான் வலது பக்கமாகப் போய் விழுந்து எழும்பினேன். செவலை நாய் குரைத்துக்கொண்டு ஓடிவந்தது. நான் போட்டிருந்தது அம்மாவின் பழைய ஸ்வெட்டர். அதை முகர்ந்ததும் குரைப்பதை நிறுத்திவிட்டு வாலாட்டியது. என் முகராசி அப்படி என்று மாமாவிடம் பெருமையடித்தேன். இடது புறம் முழுக்க நீர்த்தேக்கம், எதிர்க்கரை மலைகள் எல்லாம் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. மதகைக் கண்டதும் மாமா கூவிக்கொண்டே பம்ப் ஹவுஸ் பக்கம் பறந்துவிட்டார்.

நான் பின்தங்கி, மதகில் இறங்கிக் கால் கழுவப் போனேன். அங்கே கல்லுக்குப் பின்னால், பொலித்தீன் பையில் சுற்றி, ஒரு சோடி செருப்பு இருந்தது. நீல வார். ஒரு வாரில் செப்புக் கம்பி. கம்பி கட்டியது நானேதான். நேற்று இரவு எங்கள் வாசலில் கிடந்த அம்மாவின் செருப்பு. அம்மா வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் போவார் என்று நினைத்திருந்த எனக்கு, நடந்தது உடனே விளங்கிவிட்டது. எவனோ திருடி, இங்கே ஒளித்துவைத்திருக்கிறான். செருப்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரே நாளில் பாதையையும் கண்டுபிடித்து, களவையும் கண்டுபிடித்தவள் எங்கள் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை.

அன்று அம்மா வழக்கத்தைவிட மிகவும் பிந்தி வந்தார். வேலைச் சப்பாத்தில் செம்மண் அப்பியிருந்தது. வாசலில் உட்கார்ந்து கழற்றினார். இரண்டு குதிகாலும் தோலுரிந்து இரத்தமாக இருந்தன. நான் செருப்பைக் கொண்டுபோய் முன்னால் வைத்து, கண்டெடுத்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். என் கெட்டித்தனத்தில் பூரித்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். மாமா சிரிக்கவில்லை. அம்மாவின் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அப்பாவின் போன் வந்தது. அம்மா கை நீட்டுவதற்குள் மாமா எடுத்துவிட்டார். வழக்கமான கேள்வி வந்திருக்க வேண்டும்.

“வருது மச்சான், ஒழுங்கா வருது” என்றார் மாமா.

வேன் அந்த வருடம் தைப்பொங்கலோடு எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. நான் பள்ளிக்கூடம் முடித்து அதே கார்மென்டில் சேர்ந்த பிறகு, அம்மாவோடு தைத்த ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள். குறுக்கால் போனால் லயத்து வாசல்களில் எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்தால் கதை கொழும்புக்குப் போகும். ஆகவே, யாரும் போகாத சுற்றுப் பாதையால் அம்மா இருட்டோடு நடந்திருக்கிறார். மதகு வரைக்கும் செருப்பு, அங்கே மாற்றிக்கொண்டு பல்லேகல ரோட்டில் ஏறும்போது சப்பாத்து.

மாமாவுக்கு வழிகாட்டி வேலை கிடைத்தது. நான் செருப்பைக் கொண்டுவந்த மறுநாள் முதல், அம்மா புறப்படும் அதே நேரத்துக்கு மாமாவும் எழும்பி, ரோட்டைச் சரிபார்க்கப் போகிறேன் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். அம்மாவின் பை அவருடைய சைக்கிளில் தொங்கியது. அம்மா அந்த நீலச் செருப்பைப் போட்டிருந்தார். பாதையைத் தேடி விழுந்து எழும்பியவள் நான், என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் அம்மாவைக் கூட்டிப் போகிறாரே என்று, விடுமுறை முடியும்வரை நான் மாமாவோடு பேசவில்லை.