ஸ்டெல்லா அக்கா கடைந்த இரண்டு ஹப் கார்டுகள்

ஸ்டெல்லா அக்கா காய்ச்சலில் போய்விட்டார் என்பதை என்னோடு சைக்கிள் ஓட்டும் நவீன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அக்காவின் பட்டறையிலிருந்து அவனுக்குத்தான் போன் வந்ததாம். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது, ‘அவனுக்கு எதற்கு முதலில்?’ என்ற எரிச்சல். அக்காவைத் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டாம். அவர் யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை, சிரித்துவிடுவார்.

எங்கள் கணபதிப் பகுதியில் தன் அப்பாவின் லேத் பட்டறையைப் பார்த்துக்கொண்டவர் அவர். இருபத்தாறு வயது. ஞாயிறு சர்ச் முடிந்ததும் எங்களோடு பிஎம்எக்ஸ் என்ற சாகச சைக்கிள் ஓட்ட வந்துவிடுவார். ஊரே கிரைண்டரில் மாவு அரைக்கும். நாங்கள் மூடிய மில்லின் பின்சுவரில் சைக்கிளை அரைப்போம். சக்கர அச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் பெக் என்ற குழாயைச் சுவர் விளிம்பில் ஏற்றி வழுக்கிக்கொண்டே போவதுதான் கிரைண்ட். பெக் தேய்ந்தால் வேறு மாட்டலாம். உள்ளே சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் உரசினால் கம்பிகள் தெறித்துச் சக்கரமே போய்விடும். அதை மூடிக் காக்கும், நடுவில் அச்சு நுழைய ஓட்டையுள்ள வட்டத் தட்டுதான் ஹப் கார்டு. அக்கா நைலானில் கடைந்து தருவார். கேட்டால் கிடைக்காது. யார் சக்கரம் அடி வாங்கியிருக்கிறது என்று பார்த்து அவராகச் செய்வார்.

ஒரு நாள் நவீனுக்குச் செய்யப்போவதாகச் சொன்னார்.

“என்ற சக்கரத்தைப் பாத்தீங்களாக்கா?” என்றேன்.

“பாத்தேன் கண்ணு. புதுப்பொண்ணாட்டம் இருக்குது. நீ செவுத்துல ஏறுறியா, இல்ல கீழ நின்னு கிண்டலடிக்கறதோட சரியா?”

எல்லாரும் சிரித்தார்கள். நவீன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

அவன் அடுத்த வீடு என்பதால், அவன் பின்சக்கர அச்சை அளந்து எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. அளந்தபோது பதினான்கு எம்.எம். இருந்தது; பத்து என்று எழுதிக் கொடுத்தேன். தட்டு அச்சில் ஏறாமல் அவன் விழிப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு தட்டு வந்தது. நவீன் சக்கரத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் போனபின் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“ஏன் கண்ணு, அவன் அச்சு பத்தா?”

“தப்பா அளந்துபோட்டேனுங்க்கா.”

“தப்பா அளந்தா பதிமூணு வரும், பதினஞ்சு வரும். பத்து எப்படி வரும்? நீ எழுதுனதை நம்பிக் கடைஞ்சுபோட்டேன். அப்பறம் சந்தேகம் வந்து நானே போயி அளந்தேன். நம்ம கூட்டத்துல பத்து அச்சு உன்ற வண்டிக்கு மட்டுந்தான். பொய் சொல்றப்பவும் உனக்கு உன்ற வண்டிதான் நெனப்பு.”

பையிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து நீட்டினார். “வீணாக்க முடியாதல்ல? மாட்டு. மாட்டிட்டுச் செவுத்துல ஏறு.”

ஏறினேன். விழுந்தேன். மறுபடி ஏறினேன்.

அடக்கத்தன்று இதை அவர் அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன்.

“அது எப்படித் தம்பி வீணாப்போகும்? சின்ன ஓட்டையைப் பெருசாக்க அஞ்சு நிமிசம். பத்தைப் பதினாலாக்கி அந்தப் பையனுக்கே குடுத்திருக்கலாம். அவளுக்குத் தெரியாததா?”

எனக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பத்தைப் பத்தாகவே விட்டுவிட்டு, நவீனுக்காக வேறொன்றைப் புதிதாகக் கடைந்திருக்கிறார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது உடம்பெல்லாம் கீறல் விழுந்த அந்தத் தட்டு. அலமாரியில் பத்திரமாக வை என்கிறார் அம்மா. அது சக்கரத்தில்தான் இருக்கும். ஞாபகத்துக்காக ஒரு வாரம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று நவீன் நேற்றுக் கேட்டான். தர மாட்டேன். கொடுத்தாலும் அவன் அச்சில் அது ஏறாது.