தானாக ஓடாத வீடியோக்களும் மெயின்லேண்டில் என் மனைவியும்

மொபைல் ரிப்பேர் கடைக்காரனுக்கு உடைந்த போன் சோறு போடும். உடையாத போன்தான் உயிரை வாங்கும்.

கண்ணாடி உடைந்துவிட்டது, சார்ஜ் ஏறவில்லை, டாய்லெட்டில் விழுந்துவிட்டது என்று வருகிறவர்களோடு எனக்கு ஒரு வம்பும் இல்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வீடியோ மட்டும் தானா ஓட மாட்டேங்குது" என்று ஒருவர் படியேறினால்தான் நானும் என் பார்ட்னர் நவாஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். மாற்றுவதற்கு ஸ்பேர் கிடையாது. செட்டிங்கில் ஒரு இடத்தைத் தொட்டால் தீர்ந்தது. ஆனால் வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, யாருடைய வீடியோ, அவர் ஏன் ஊரில் இல்லை, போனவர் எப்படிப் போனார் என்று முழுக் கதையையும் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதரர்களே, உங்களுக்கு இது தெரியாததா?

போர்ட் பிளேரில் இந்த வியாதிக்குத் தனிக் காரணம் உண்டு. முன்பு எங்களுக்கு நெட் சாட்டிலைட்டில் வரும். ஒரு கல்யாண வீடியோவைத் தொட்டுவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்தால், அப்போதுதான் பொண்ணு மேடைக்கு வந்திருக்கும். தானாக வீடியோ ஓடினால் இருக்கிற நெட்டும் போய்விடும் என்று தீவில் எல்லோரும் அதை ஆஃப் பண்ணி வைத்தார்கள். பிறகு கடலுக்கு அடியில் கேபிள் வந்தது, ஸ்பீடும் வந்தது. ஆஃப் பண்ணியது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. புதுப் போன் வாங்கினாலும் பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே காப்பி பண்ணிக்கொள்கிறார்கள், அந்த ஆஃபையும் சேர்த்து.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி மெட்டில்டா ஒரு நர்ஸ். இங்கே கான்ட்ராக்ட் வேலையில் இருந்தவள், மேல்படிப்புக்காகச் சென்னை போனாள். படிப்பு முடிகிற நேரத்தில் அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை தருகிறோம் என்றார்கள். அவள் திரும்பி வருவாளா, அங்கேயே இருந்துவிடுவாளா என்பது தெரியாமல் நான் கடை நடத்திய நாட்களில் நடந்தவைதான் இவை. எங்காவது கொஞ்சம் ஈரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட்வில் எஸ்டேட் கான்ட்ராக்டர்

முருகேசன் அண்ணாச்சி கட்டட கான்ட்ராக்டர். விருதுநகர் பக்கத்து ஆள், வீடு குட்வில் எஸ்டேட்டில். போன் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கத்திக்கொண்டே வந்தார். நான் செட்டிங்கைத் திறந்து காட்டி, "இத ஆஃப் பண்ணுனது நீங்கதான் அண்ணாச்சி" என்றேன். நம்பவில்லை. ஆன் பண்ணிக் கொடுத்ததும் ஒரு வீடியோவில் ஆள் ஆடு விற்க ஆரம்பித்தான். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார். என்ஜினியர் அறையில் ஏதோ சைட் போட்டோவைக் காட்டப் போனைத் திறந்திருக்கிறார். போட்டோ வருவதற்குள் அந்த ஆட்டுக்காரன் முந்திக்கொண்டு விலை சொல்லியிருக்கிறான். எங்கள் கடை வாசலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, பேங்க் மூடிவிடும், காய் வாங்க வேண்டும், சின்னவனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று இடைவெளி விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த பொறாமையை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது? என் வீட்டில் காலையிலிருந்து பேசுகிறது பிரஷர் குக்கர் ஒன்றுதான். அண்ணாச்சி போனை என் கையில் திணித்தார்.

"ஆஃப் பண்ணிரு தம்பி. கேக்காமயே பேசுறதுக்கு நமக்கு வீட்ல ஆள் இருக்கு."

கை நிறைய மீன்

டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் எங்கள் கடைக்கு எதிரே ஷெஃபாலி தீதி மீன் விற்கிறாள். பெங்காலி; அவர்கள் பாஷையில் தீதி என்றால் அக்கா. எங்களோடு பழகிப் பழகி, இந்தியும் தமிழும் கலந்து ஒரு பாஷை பேசுவாள். எடைத் தராசில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கொல்கத்தாவில் சேலை விற்கும் தன் தங்கையின் வீடியோக்களைப் பார்ப்பது வழக்கம். ஒருநாள் அவை தானாக ஓடுவது நின்றுவிட்டது. பேட்டரி குறைந்தபோது யாரோ பேட்டரி சேவரைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதைச் சொல்லாமல் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். "ஓடலன்னா என்ன தீதி, ஒரு தடவ தொடுங்க, ஓடும்" என்றேன். இத்தனை வருஷத்தில் அவள் அந்தத் தங்கையிடம் ஒரு சேலைகூட வாங்கியதில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஒவ்வொரு சேலையையும் விரித்துக் காட்டிவிட்டுத் தங்கை நிமிர்ந்து சிரிப்பாளே, அதற்காகத்தான் எல்லாச் சேலையையும் பார்ப்பாள். என் யோசனையைக் கேட்டதும் செதில் ஒட்டிய இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"ஹாத் ஃபுல்லா மச்லி இருக்கு பேட்டா. பட்டன் யாரு அமுக்கும், மச்லியா?"

கட்சாலிலிருந்து ஒரு பை

நிக்கோபார் பக்கத்துத் தீவுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. யாராவது ஒருவர் கப்பலேறி போர்ட் பிளேர் வந்தால், அக்கம்பக்கத்தார் எல்லோரும் தங்கள் ரிப்பேர் சாமான்களை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். அப்படித்தான் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ராஜலிங்கம் அண்ணன், மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்த கையோடு, ஒரு துணிப்பை நிறையப் போன் கொண்டு வந்தார். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எந்தப் போன் யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் கட்டியிருந்தது.

"இந்த வீடியோ தானா ஓடுறது இருக்கில்ல தம்பி, அத பார்த்துக் குடுங்க" என்றார். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நான் பழக்க தோஷத்தில் எல்லாப் போனிலும் ஆன் பண்ணி வரிசையாக வைத்துவிட்டேன். வந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கேட்டது ஆஃப் பண்ணச் சொல்லி.

பிறகு விளக்கிச் சொன்னார். அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் சிக்னல் சரியாக வராது. ஒரு மேட்டில் போய் நின்றால் கொஞ்சம் வரும். வேலை முடிந்ததும் எல்லோரும் அங்கே கூடுவார்கள். பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் வீடியோவை முறை வைத்துப் பார்ப்பார்கள். ஒருவர் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்தவர் போனைத் தொடுவது. சில மாதங்களுக்கு முன் புதுப் போன் வாங்கிய ஒருத்தர் மேட்டில் நின்று சும்மா விரலால் தள்ளிக்கொண்டே போக, கண்ட வீடியோவெல்லாம் தானாக ஓடி, இருந்த சிக்னலை அதுவே தின்றுவிட்டதாம். அன்றைக்கு அங்கே பெரிய சண்டை. நான் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி ஆஃப் பண்ணினேன். நூலை அவிழ்க்காமல் பார்த்துக்கொண்டேன்.

"ஒங்க ஊர்ல தானா ஓடலன்னு வாராங்க. எங்க ஊர்ல எனக்குத் தானா ஓடிச்சின்னா, பக்கத்துல நிக்கிறவன் மக மொகம் பாதியில நிண்டுரும் தம்பி."

ஓனர் போன்

மெட்டில்டாவும் வீடியோ போடுவாள். பெரிதாக ஒன்றுமில்லை. ஹாஸ்டல் சாம்பாரைக் கரண்டியால் கிளறி அதில் காயைத் தேடுவாள். மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைக் காட்டுவாள். கடைசியில் போனைத் தன் பக்கம் திருப்பி, "சரி, டியூட்டிக்கு நேரமாச்சு" என்பாள். அந்தக் கடைசி வார்த்தைக்காக நான் சாம்பார் முழுவதையும் பார்ப்பேன்.

என் போனில் வீடியோ தானாக ஓடாது. ஊருக்கெல்லாம் சரி பண்ணிக் கொடுத்த கை, என் போனை மட்டும் தொடவில்லை. தானாக ஓடினால் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் ஓடிப்போவாள்; முன்னால் ஒரு கிரிக்கெட்காரன், பின்னால் ஒரு பிரியாணிக்காரன், நடுவில் என் பெண்டாட்டி. அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் தொட்டால்தான் அவள் அசைய வேண்டும். கதவைத் தட்டினால் அவளே வந்து திறக்கிற மாதிரி ஒரு நினைப்பு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவள் இல்லாமல் எனக்கு எதுவும் சரியாக இல்லை, சோறுகூட இறங்கவில்லை. ஷட்டரைத் திறப்பதற்கு முன் நான் படியில் உட்கார்ந்து அவளைத் தட்டிக்கொண்டிருந்ததை நவாஸ் ஒருநாள் பார்த்துவிட்டான். அவன் வண்டூர் மலையாளி, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிற ஆள்.

"அரே சேவியர், கராப் ஆன ஊர் போனெல்லாம் சரி பண்றே. இந்தக் கடையில ஓனர்தான் கராப்."

பதில் வராத கால்

அந்தச் சென்னை ஆஸ்பத்திரி முடிவு கேட்டுவிட்டது என்று ஒரு மத்தியானம் மெட்டில்டா போன் பண்ணினாள். சம்பளம் நல்ல சம்பளம், நானும் அங்கே வந்து கடை போட்டுக்கொள்ளலாம், தெருவுக்குத் தெரு மொபைல் கடை இருக்கிறது என்றாள். அதுதான் பயம் என்பது வாய் வரைக்கும் வந்தது. திரும்பி வந்துவிடு என்பதும் வாய் வரைக்கும் வந்தது. அவள் கண் விழித்துப் படித்த படிப்பு. என் ஒருத்தன் ஏக்கத்துக்காக அதை மடக்கி வைக்கச் சொல்ல நான் யார்? பெரிய மனுஷனாகக் குரலை வைத்துக்கொண்டு, "ஒனக்கு எது நல்லதுன்னு தோணுதோ அதச் செய்யி" என்றேன். நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தேன். சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தன.

"வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் செட்டிங் சொல்லிக் குடுக்கீங்க. எனக்கு ஒரு பதில் சொல்ல மாட்டேங்கீங்க."

பூங்கொத்து

அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் வீடியோ போடவில்லை. பிறகு ஒன்று வந்தது. என் போனில் அது அசையாமல் நின்றது: ஆஸ்பத்திரி வாசல், யூனிஃபார்மில் மெட்டில்டா, கையில் பூங்கொத்து, சுற்றி நாலைந்து நர்ஸ்கள். நடுவில், தொட்டால் ஓடவைக்கிற அந்த முக்கோணம். வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தொடவில்லை. தொட்டால் அவளே தன் வாயால் அதைச் சொல்லிவிடுவாள். தொடாத வரைக்கும் அது வெறும் போட்டோதானே என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாருடையதோ சார்ஜிங் பின்னை மாற்ற உட்கார்ந்தேன். கழற்றிய பழைய பின்னையே மறுபடி வைத்தேன்.

நவாஸ் வழக்கம்போலப் போனைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் போனில் எல்லாம் தானாக ஓடும். திடீரென்று கடைக்குள் மெட்டில்டாவின் குரல். "எல்லாருக்கும் தேங்க்ஸ். இங்க குடுத்த வேலைய வேண்டாம்னு சொல்லிட்டேன். சாமான் நெறைய இருக்கு, அதனால கப்பல்லதான் வாரேன். எங்க வீட்டுக்காரர் கடையப் பூட்டிட்டு ஜெட்டிக்கு வந்துரணும்." நவாஸ் போனை என் மேஜைமேல் வைத்தான். அது முடிந்து, மறுபடி முதலிலிருந்து தானாக ஓடியது. நான் ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

என் போன் அடித்தபோது நான் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தேன். அவள்தான். அவள் வீடியோவுக்கு எப்போதும் முதல் ஹார்ட் என்னுடையதாக இருக்குமே, காலையிலிருந்து காணோமே என்று கோபம். என்னிடம் நேராகவே சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்லியிருந்தால் நீங்கள் மறுபடி பெரிய மனுஷன் மாதிரிப் பேசி என்னை அங்கேயே இருக்க வைத்திருப்பீர்கள், அதனால்தான் நாலு பேர் பார்க்கச் சொன்னேன் என்றாள். பார்க்காததற்கு நான் காரணம் சொல்லத் தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"ஊருக்கெல்லாம் தானா ஓடிச்சி. கட்டுன புருசனுக்கு மட்டும் நான் போன் போட்டு ஓட வைக்கணுமாக்கும்?"

காற்று சரியில்லை என்று கப்பல் தேதியை இரண்டு தடவை தள்ளி வைத்தார்கள். ஒருவழியாகக் கிளம்பிவிட்டது. மேல் தளத்திலிருந்து துறைமுகத்தைக் காட்டி அவள் ஒரு சின்ன வீடியோ அனுப்பினாள், அது பாதியிலேயே நின்றுவிட்டது. நடுக்கடலில் சிக்னல் கிடையாது. அன்றிலிருந்து அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மணி நேரமும் போனை எடுத்துப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை, அதாவது அவள் இன்னும் கடலில் வந்துகொண்டுதான் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நிம்மதியாகக் கீழே வைக்கிறேன்.

கடலில் ஒரு கப்பல் வந்துகொண்டிருக்கும்போது வீடியோவே வராத போன்தான் உலகத்திலேயே நல்ல போன் என்பதை, ஊர் போனையெல்லாம் ஓட வைத்த இந்த மெக்கானிக் இப்போதுதான் கற்றுக்கொண்டான்.