வாப்பாவின் காலைவிடப் பெரிய சப்பாத்து

இன்று எங்கள் திகன நேர்சரியில் பெரிது, சிறிது படிப்பித்தேன். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பெரியவர் சப்பாத்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் அவற்றுக்குள் காலை விட்டு விட்டுப் பார்த்து, பாயில் வரிசையாக அடுக்கினார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது சஹ்ரா கொண்டுவந்த கறுப்புத் தோல் சப்பாத்து.

பகல் அவளைக் கூட்டிப்போக வந்த உம்மா அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்கட ஊட்டுச் சப்பாத்து இல்லையே டீச்சர். யாருட?"

"சஹ்ராதான் கொண்டுவந்தா."

முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு மகளை.

"எங்கேந்து எடுத்த மகள்?"

"கட்டிலுக்குக் கீழ."

மற்ற உம்மாமார் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அவர் அங்கேயே கணவருக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில்.

"கட்டிலுக்குக் கீழ ஆருட சப்பாத்து?"



"ஜும்ஆத் தொழுகைக்குப் போன எடத்துல மாறிப் போச்சு. என்ட புதுசக் காணல்ல. நீ ஏசுவ எண்டுதான் ஒளிச்சு வெச்சேன்."

"எந்தப் பள்ளிவாசல்?"

கணவர் பதில் சொல்வதற்குள் சஹ்ரா குறுக்கே பாய்ந்தாள். "மெய்தான் உம்மா. வாப்பா தூங்கக்குள்ள கால்ல வெச்சுப் பாத்தேன். வாப்பாட கால் சின்னது!"

உம்மா சிரித்துவிட்டார். ஆனாலும் சப்பாத்தை உள்ளே வெளியே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார்.

நாளைக்குப் பாரமானது, இலேசானது. வீட்டிலிருந்து எதைக் கொண்டுவரச் சொன்னால் ஆபத்தில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.