அப்பா வாங்கி வந்த நற்சான்று

அப்பாவுக்கு நான்கு மாட்டு வண்டிகள் இருந்தன. விடிகாலையில் சிராங்கூன் சாலையிலிருந்து கிளம்பி, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி, ஊர் முழுக்க இறக்கிவிட்டு வரும். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷர். ரோஷம் மட்டும் நாலு ஆளுக்கானது.

எங்கள் மாதா கோயிலுக்கு மதில் கட்டியபோது செங்கல்லும் மணலும் கூலி வாங்காமல் ஏற்றிக் கொடுத்தவர் அவர். ஆனால் மாதா திருவிழாவில் சப்பரத்தை முன்னால் நின்று தூக்கும் உரிமையைப் பங்குச் சாமியார் ஒரு துணிக்கடை முதலாளிக்குக் கொடுத்துவிட்டார். அப்பா அன்றே எங்களை இழுத்துக்கொண்டு போர்த்துகீசியர் கோயிலுக்கு மாறினார். அங்கே பிரசங்கத்தில் ஒரு சொல்லும் விளங்காது. மூன்று வருடம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா மட்டும் ஜெபமாலையை உருட்டித் தப்பித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சீனியர் பரீட்சையில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன். ஸ்காட்லாந்தில் வைத்தியம் படிக்க விண்ணப்பம் போடு என்று தலைமையாசிரியர் பிடித்துக்கொண்டார். விண்ணப்பக் கட்டணம், கப்பல் டிக்கெட், கம்பளிக் கோட்டு, தங்குமிட வாடகை என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன். கடைசிவரை கேட்டார்.

“ரெண்டு வண்டியையும் அதோட மாட்டையும் வித்தா மொத வருஷம் ஓடிடும். மிச்சத்துக்கு நான் இருக்கேன்ல?”

“இன்னொண்ணு வேணும்ப்பா. நான் ஒழுக்கமான பையன்னு நம்ம பங்குச் சாமியார் எழுதிக் கொடுக்கணும். போர்த்துகீசியச் சாமியாருக்கு நம்மள யாருன்னே தெரியாது.”

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. “வண்டிய விக்கிறேன். அந்த ஆளு வாசப்படிய மிதிக்க மாட்டேன். நீயும் போகக் கூடாது.”

இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அவரோடு பேச்சை நிறுத்தினேன். “புள்ள படிப்பக் கெடுக்கிறீங்களே” என்று அம்மா அழுதாள். பார்த்தவர்கள் நான் மனமுடைந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் நானே சாமியாரிடம் போயிருக்கலாம். பத்து நிமிட நடை. நான் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அப்பா முடியாது என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். சில வருடங்களுக்கு முன் வைத்தியம் படிக்கச் சீமைக்குப் போய்த் தேறாமல் திரும்பியவர். மருந்துக்கடையில் பொடி மடித்துக்கொண்டிருந்தார். “என்ன, சீமை டாக்டரே!” என்று வண்டிக்காரர்கள்கூட அவரைக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அப்பாவுக்கு வாசித்த தாளில் நான் எழுதாத செலவு அது. இங்கே முப்பது பேரில் முதலாவது. அங்கே தோற்றால் வண்டியும் போய், பேரும் போய், இதே தெருவில் நடக்க வேண்டும். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாக எங்கோ போனார். மத்தியானம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். கையில் ஓர் உறை இருந்தது.

“சாமியார்கிட்ட வாங்கிட்டேன். பூசை முடியறவரைக்கும் வெளியவே நிக்க வச்சாரு. எல்லாரும் பாத்தாங்க. மன்னிப்புக் கேட்டேன். போவுது, நீ அனுப்பிடு.”

தபால் கப்பல் புறப்பட இன்னும் நான்கு நாள் இருந்தது.

“கப்பல் போயிடுச்சுப்பா” என்றேன்.

“அடுத்த வருஷம்?”

“வயசு ஏறிடும். எடுத்துக்க மாட்டாங்க.”

அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியரிடம் அப்பா சம்மதிக்கவில்லை என்று சொன்னேன். அடுத்த மாதம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சேர்ந்தேன்.

சில வருடங்களில் லாரிகள் வந்தன. நான்கு வண்டிகளும் விறகு விலைக்குத்தான் போயின. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, “என் வீம்பாலதான் இவன் டாக்டராகாமப் போனான்” என்பார். நான் பக்கத்திலேயே தலைகுனிந்து நிற்பேன். தகப்பனைக் குறை சொல்லாத பிள்ளை என்று வந்தவர்கள் என்னை மெச்சினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அப்பா படுக்கையில் விழுந்தபோது, பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் வந்தார். அவர் போன பிறகு அப்பா என்னை உள்ளே கூப்பிட்டார்.

“உன் படிப்பக் கெடுத்தத சாமியார்கிட்ட பாவமாச் சொல்லிட்டேன். நீயும் மன்னிச்சிடு தம்பி.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிட்டேன்ப்பா” என்றேன்.